பிரேக் கத்தினால் பேட்தானா?

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு ஹோர்ன் ஒரு பொருட்டே இல்லை. நடுவீதியில் நின்று அடித்தவனை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். அந்த மான்களே என் ஆல்டோவின் பிரேக் சத்தத்துக்குப் பாய்ந்து ஓடின. வெள்ளிக்கிழமை, கோணேசர் கோயிலிலிருந்து இறங்கி வருகிறோம். அர்ச்சனைத் தட்டோடு நடந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்சீட்டிலிருந்த அம்மா, "இதுக்குத்தானே தம்பி தைப்பொங்கலுக்கு முன்னம் காசு குடுத்தனி?" என்றா.

குடுத்தேன். அதுதான் வயிறு எரிகிறது!

அன்றைக்குக் கராஜில் நான் வாய் திறக்கமுன்னமே "பேட் மாத்தோணும்" என்று தீர்ப்பு. சில்லோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துகிற கட்டைதான் பேட். பழையதைக் காட்டச் சொன்னால், எறிந்தாச்சாம். இரண்டு மாதம் அமைதி, அப்புறம் திரும்பவும் கீச். போய்க் கேட்டதற்கு, "கடற்காத்து தம்பி, டிஸ்க் துருப்பிடிக்கும்." ஐயா, நான் பிறந்ததே இந்தக் கடற்காற்றில்தான். இரவில் படியும் துரு, காலையில் நாலு தரம் பிரேக் மிதித்தால் உரசிப் போய்விடும். உப்புவெளியிலிருந்து டவுன்வரை கத்திக்கொண்டு வராது.

பக்கத்து வீட்டு அண்ணை இன்னும் ஒருபடி மேல். "கொஞ்சம் எண்ணெய் அடிச்சுவிடு." பிரேக்குக்கு எண்ணெய்! சத்தம் நிற்கும், கார் நிற்காது.

சரி, ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, முன்சில்லைக் கழற்றிப் பார்த்தால், வெளிப்பேட்டில் 9 மில்லிமீட்டர் இருக்கிறது, உள்பேட்டில் 5தான். அங்கேயே விளங்கிவிட்டது. பேட்டுகளைப் பிடித்து டிஸ்கில் அழுத்துகிற கலிப்பர், இரண்டு இரும்புப் பின்களில் அங்குமிங்கும் வழுக்க வேண்டும். ஒரு பின் இறுகினால் பேட் நேராக விலகாது, டிஸ்கில் கோணலாக உரசி நடுங்கும். அந்த நடுக்கம்தான் கீச்.

பின்னை முறுக்கி இழுத்து எடுத்தேன். அதில் என்ன பூசியிருந்தார்கள் தெரியுமா? சில்லு பேரிங்குக்குப் போடும் கிரீஸ்! அது பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பரை ஊதவைக்கும். ஊதிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பேட்டின் முதுகில் நடுக்கத்தை அடக்க இருக்கவேண்டிய மெல்லிய தகடும் இல்லை. பழைய பேட்டோடு அதையும் எறிந்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

கடையில் நானாவிடம் சிலிக்கன் கிரீஸ், புது ரப்பர், தகடு எல்லாம் இருந்தது. பேட் செட் விலையில் கால்வாசிகூட வரவில்லை. பின்னைத் துடைத்துப் பூசி, தகட்டைப் பேட்டின் முதுகில் வைத்தேன். டிஸ்கில் உரசுகிற பக்கம் ஒரு துளி கிரீஸும் படக்கூடாது. பேட் 3 மில்லிமீட்டருக்குத் தேயும்வரை ஓடும். மற்றச் சில்லிலும் அதே கூத்து, அதே வேலை. பின்னேரத்துக்குள் முடிந்தது.

நேற்று மீன் சந்தையில் அந்தக் கராஜ்காரரைக் கண்டேன். "இப்ப சத்தம் இல்லைப் போல? நான் சொன்னனான்தானே தம்பி, புதுப் பேட் பழக கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார்.