ஆசிட் ஹவுஸ் மும்பையில் பிறந்ததா?

சரண்ஜித் சிங் 1982ஆம் ஆண்டு மும்பையில் உருவாக்கிய 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' இசைத்தட்டைச் சுட்டிக்காட்டி, ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியரே என்று மார்தட்டும் பதிவுகள் அவ்வப்போது என் கண்ணில் படுகின்றன. அந்த இசைத்தட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்தப் பெருமையைத்தான் ஏற்க முடியவில்லை.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் வெளியிட்ட டிபி-303, பக்கத்தில் பேஸ் (தாழ்ந்த சுர இசை) வாசிக்க ஆளில்லாத கிதார் கலைஞர்களுக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்ட சிறு மின்னணு இசைப்பெட்டி. பேஸ் கிதாரின் ஒலி அதில் சற்றும் வரவில்லை; 1984இல் உற்பத்தியே நின்றுபோனது. ஆயினும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் தன்மை அதற்கு இருந்தது. இந்தித் திரையிசையில் பல்லாண்டுகள் வாசித்த சிங்கின் கையில் அந்த வழுக்கல் ராகத்துக்கு இயல்பாகப் பொருந்தியது. அவர் வாசித்திருக்கும் இந்துஸ்தானி ராகங்களில் மால்கௌன்ஸ் நம்முடைய கர்நாடக இசையின் இந்தோளம்; பூபாளி நம்முடைய மோகனம் (பெயரைப் பார்த்துப் பூபாளம் என்று எண்ணிவிட வேண்டாம்).

சிகாகோவின் கதை வேறு. அங்கே 1977 முதல் 'வேர்ஹவுஸ்' நடன விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத் தற்பாலீர்ப்பாளர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே நகரத்தின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரே டிஸ்கோவைக் கைகழுவிய பிறகும் வேர்ஹவுஸ் கூட்டத்தார் ஆடுவதை நிறுத்தவில்லை. அங்கே ஒலித்த நடன இசைக்கு ஹவுஸ் என்னும் பெயரே அந்த விடுதியிலிருந்து வந்தது என்பார்கள். பின்னர், பிறர் பயன்படுத்திய பழைய 303 ஒன்றை வாங்கி ஓடவிட்டு, அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி ஃப்யூச்சர் குழுவின் மூன்று இளைஞர்கள் ஓர் ஒலிநாடாவைப் பதிவு செய்தார்கள். 'மியூசிக் பாக்ஸ்' விடுதியில் ரான் ஹார்டி அதை முதலில் ஒலிக்கவிட்டபோது ஆடுகளம் காலியானதாகவும், அதே இரவில் நான்காவது முறை ஒலித்தபோது கூட்டம் வெறிகொண்டு ஆடியதாகவும் அக்குழுவின் டிஜே பியர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என இசைத்தட்டாக வந்தது அதுதான்.

அந்த நான்காவது முறையைத்தான் நான் பிறப்பு என்பேன். கருவி ஒன்றே, ஒலியும் ஏறக்குறைய ஒன்றே, காலத்தால் சிங்தான் மூத்தவர். ஆனால் விற்பனையின்றி மறக்கப்பட்டு 2010இல் மறுவெளியீடு கண்ட அவருடைய இசைத்தட்டைச் சுற்றி, அதை மீண்டும் கேட்டு, ஆடி, அதைப்போல் இன்னொன்று செய்யத் துடித்த கூட்டம் மும்பையில் உருவாகவில்லை. அவருடைய இசையைச் சிகாகோ இளைஞர்கள் கேட்டார்கள் என்பதற்கும் சான்றில்லை. வெள்ளையரின் பெருவிழா இசையாகவே இன்று பலரும் அறிந்திருக்கும் ஒன்றின் பிறப்புரிமையை, அதை உண்டாக்கிய கறுப்பினத்தவரிடமிருந்து நாமும் ஒருமுறை பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிங்கின் மால்கௌன்ஸைக் கேட்டு ரசிக்க அவரை ஆசிட் ஹவுஸின் தந்தையாக்க வேண்டிய தேவையும் இல்லை.