ஜிகினாவைப் பெட்டிக்கு ஒட்டுங்கள், சீட்டுக்கு வேண்டாம்

தென்காசி, செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் வரைக்கும் டாரட், அதாவது படச் சீட்டு எடுத்துப் பலன் சொல்வது, பழகுகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். சீட்டுக் கட்டு வாங்கிய கையோடு அதை அலங்கரிக்கும் ஆசையும் வந்துவிடுகிறது. ரீல்ஸில் பார்ப்பதெல்லாம் ஓரத்தில் வாஷி டேப் எனும் பூப்போட்ட காகித டேப், மூலையில் குந்தன் கல், மேலே பளபளவென்று ஒரு பூச்சு. வீடியோ 30 நொடியில் முடிந்துவிடும். அந்தக் கட்டை ஒரு மாதம் கழித்துக் கலைத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

அலங்கரிப்பது தப்பே இல்லை. கார்டில் கை வைத்தால் தோஷம், சக்தி போய்விடும் என்பதெல்லாம் சும்மா. அது அச்சடித்த அட்டை, உங்கள் காசில் வாங்கியது. ஆனால் டாரட் என்பது கண்ணை மூடி எடுக்கும் சீட்டு. எடுக்கும்போது எது எந்தச் சீட்டு என்று கைக்குத் தெரியக் கூடாது. குற்றாலத்தில் கிளி ஜோசியரின் சீட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். படம் உறைக்குள் இருக்கும், உறைகள் ஒன்றுபோல இருக்கும். கிளிக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது. (ஜோசியருக்குத் தெரியுமா என்பது வேறு பஞ்சாயத்து.)

மொத்தம் 78 சீட்டு, மேஜர் அர்க்கானா எனும் பெரிய படச் சீட்டு 22, மைனர் எனும் மற்றவை 56. நிறையப் பேர் மேஜர் 22-ஐ மட்டும் அலங்கரித்து, நேரம் போதாமல் மீதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதோடு அந்தக் கட்டின் கதை முடிந்தது. மரணச் சீட்டின் மூலையில் ஒரு சமிக்கி ஒட்டியிருந்தால் கட்டைவிரல் அதைத் தானாகத் தேடிப் போகும், அல்லது பயந்து தவிர்க்கும். செய்தால் 78-க்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். முடியாதென்றால் ஒன்றையும் தொடாதீர்கள்.

அடுத்தது கனம். சாதாரண டாரட் சீட்டு 70-க்கு 120 மி.மீ., கனம் ஏறத்தாழ 0.35 மி.மீ. கட்டு முழுதும் 27, 28 மி.மீ. உயரம் வரும். சீட்டுக்கு 0.1 மி.மீ. கனத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் கட்டு 7.8 மி.மீ. உயர்ந்துவிடும், பெட்டி மூடாது. ஜெராக்ஸ் கடையில் 125 மைக்ரான் பவுச் லேமினேஷன் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சீட்டுக்கு கால் மி.மீ. கூடும். 78-க்குக் கணக்குப் போட்டால் 19.5 மி.மீ. கிட்டத்தட்ட முக்கால் கட்டு அதிகம். அது எந்தக் கையிலும் அடங்காது.

ஆகவே எதையாவது ஒட்டுவதற்கு முன் எதை வெட்டி எடுக்கலாம் என்று யோசிப்பதே நல்ல ஆரம்பம். வெள்ளை பார்டரை நறுக்கியதுமே பாதிக் கட்டுகளுக்கு வேறு முகம் வந்துவிடும், கனமும் கூடாது. இதற்கு ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், நுனி உடைத்துப் போடும் கட்டர் போதும். பிளேடு நுனியைப் பத்துச் சீட்டுக்கு ஒருமுறை உடைத்துவிடுங்கள். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாமல் நசுக்கும், ஓரம் மேலே எழும்பும், அந்த எழும்பல் கலைக்கும்போது பக்கத்துச் சீட்டைக் கீறும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். லேசாக மூன்று இழுப்பு போதும்.

அச்சகத்துக் கட்டிங் மெஷினில் மொத்தக் கட்டையும் கொடுத்து ஒரே வெட்டில் வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம். ஆனால் அச்சில் படம் ஒவ்வொரு சீட்டிலும் அரை மி.மீ. அங்கே இங்கே நகர்ந்திருக்கும். அதனால் பார்டர் கோட்டில் வெட்டாமல் 1 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டச் சொல்லுங்கள். டைரிக்கும் விசிட்டிங் கார்டுக்கும் கார்னர் கட்டிங் செய்கிற அச்சகமாக இருந்தால் மூலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வீட்டில் கார்னர் பஞ்ச் வைத்துச் செய்தால் ஒரு நேரத்தில் ஒரு சீட்டு மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் குத்தினால் கீழ்ச் சீட்டின் மூலை கிழியும்.

வெட்டும்போது பலர் மறப்பது பின்பக்கத்தை. பின்பக்கத்தில் பார்டர் இருந்து, அதை மேலே 3 மி.மீ., கீழே 2 மி.மீ. என்று வெட்டிவிட்டால் சீட்டு தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்று திருப்பாமலே தெரிந்துவிடும். தலைகீழ் சீட்டுக்குத் தனிப் பலன் சொல்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை. பின்பக்கம் நிறம் தீட்டும்போதும், முத்திரை குத்தும்போதும் இதே விதிதான். 180 டிகிரி திருப்பினாலும் அதே உருவம் வரவேண்டும். ஒரு பக்கம் பார்க்கும் மயில் கூடாது, நடுவில் புள்ளி வைத்த கோலம் ஆகும்.

ரைடர் வெயிட் என்ற பெயர்பெற்ற டாரட் கட்டை வெட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1909-ல் லண்டனில் வெளிவந்த அந்தப் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பதிப்பாளர் ரைடரின் பெயரும் எழுதிய வெயிட்டின் பெயரும் கட்டின் பெயரிலேயே நின்றுவிட்டன, வரைந்தவர் பெயர் பல காலம் கட்டில் இல்லை. படத்தின் கீழ் மூலையில் பின்னிய எழுத்துகளாக அவர் போட்ட சின்னக் கையெழுத்து மட்டும் இருக்கிறது. பார்டரோடு சேர்த்து அதையும் அரிந்துவிடாதீர்கள்.

ஓரத்துக்கு நிறம் ஏற்றுவது இரண்டாவது நல்ல வேலை. கட்டைத் தட்டிச் சமன் செய்து, மேலும் கீழும் தடித்த அட்டை வைத்து, இரண்டு பெரிய பைண்டர் கிளிப்பால் இறுக்குங்கள். ஸ்பாஞ்சுத் துண்டில் கெட்டியான அக்ரிலிக் நிறத்தை மிகக் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நிறம் சீட்டுகளுக்கு நடுவே இறங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் கிளிப்பைக் கழற்றிச் சீட்டுகளை விசிறிபோல் விரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பிரித்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உரியும். பர்மனென்ட் மார்க்கரில் ஆல்கஹால் இருப்பதால் வெட்டிய ஓரத்தின் நார் அதை உறிஞ்சி, முகத்தில் 1, 2 மி.மீ. உள்ளே கறையாக நிற்கும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் அதுவே அழகுதான். வேண்டாதவர்கள் பிக்மென்ட் மை உள்ள பேடைப் பயன்படுத்துங்கள். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மட்டும் வேண்டவே வேண்டாம். பேட் காய்ந்து போகாமல் இருப்பதற்காகவே செய்த மை அது. பூச்சு போட்ட அட்டையில் அது என்றைக்கும் முழுசாகக் காயாது, சாரல் காலத்தில் விரலெல்லாம் ஊதா.

முகப்பில் நிறம் சேர்ப்பதற்கு முன் கட்டோடு வரும் விளம்பரச் சீட்டையோ வெற்றுச் சீட்டையோ எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் முத்தாக நின்றால் பூச்சுப் போட்ட அட்டை, கறுத்து உள்ளே இறங்கினால் பூச்சில்லாதது. பூச்சில்லாததில் கலர் பென்சில் அருமையாகப் பிடிக்கும். பூச்சுள்ளதில் பென்சில் வழுக்கும், ஜெல் பேனா நாள் கணக்கில் ஈஷும். அங்கே 600 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் நாலு சுற்று தேய்த்து, பெயின்ட் மார்க்கரால் மெல்லிய கோடாகப் போடலாம். நாலு சுற்றைத் தாண்டினால் அச்சு மையே உரிந்து வரும். நீங்களே கலர் லேசரில் எடுத்த பிரிண்டாக இருந்தால் ஆல்கஹால் மார்க்கரை ஓரமாகச் சோதித்துப் பாருங்கள். சில சமயம் கறுப்புக் கோடு கரைந்து மஞ்சள் முகமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

தண்ணீர் கலந்த எதைப் பூசினாலும் சீட்டு கூன் போடும். நார் ஈரத்தில் விரிகிறது, பூசிய பக்கம் காயும்போது சுருங்கி மற்றப் பக்கத்தை இழுக்கிறது. பின்பக்கமும் அதே அளவு பூசினால்தான் இழுப்பு சமமாகும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து வளைவு கூடும்.

இனி பூச்சு. நம் ஊரில் அதிகக் கட்டுகள் சாவது இதனால்தான். மாட்ஜ் பாட்ஜ் எனும் கைவினைப் பசை, தண்ணீர் விட்ட பெவிகால், அக்ரிலிக் வார்னிஷ் எல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தெரியும். முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகும் சூட்டிலும் ஈரக்காற்றிலும் கொஞ்சம் இளகும். இரண்டு பூச்சு முகத்தோடு முகம் அழுந்திப் பெட்டிக்குள் கிடந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்று சாரலைச் சுமந்து வீட்டுக்குள்ளேயே வருகிற ஊர் இது. ஜூலையில் பெட்டியைத் திறந்தால் 78 சீட்டும் வெல்லக்கட்டிபோல் ஒரே பாளமாக வரும். பிரித்தால் படம் பக்கத்துச் சீட்டின் முதுகில். குளிர்ந்த, வறண்ட ஊரிலிருந்து வீடியோ போடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் சொல்லவும் மாட்டார்.

கடையில் வாங்கிய கட்டுக்குப் பெரும்பாலும் மேல்பூச்சே தேவையில்லை. பெயின்ட் மார்க்கர் வேலையைக் காக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்ப்ரே வார்னிஷ் எடுங்கள். 25, 30 செ.மீ. தள்ளி நின்று, திறந்த வெளியில், மெல்லியதாக இரண்டு தடவை போதும். அதையும் மாசி, பங்குனியில் செய்யுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சுக்குள் ஈரம் சிக்கி வெள்ளைப் படலம் பிடிக்கும், எடுக்கவும் முடியாது. நன்றாக இறுகிய பிறகு நிறமில்லாத மெழுகுப் பாலிஷைப் பனியன் துணியில் தொட்டு மிக மெல்லியதாகத் தேய்த்து, இன்னொரு துணியால் துடைத்தெடுங்கள். மெழுகு வேண்டாமென்றால் சீட்டு வித்தைக்காரர்கள் பயன்படுத்தும் ஜிங்க் ஸ்டியரேட் பவுடர் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் முகப்பவுடரைத் துளி தூவித் தட்டிவிடலாம், ஆனால் படம் சற்று மங்கும்.

வாஷி டேப், மைதாப் பசை, ஜிகினா மூன்றையும் சீட்டிலிருந்து விலக்கியே வையுங்கள். டேப்பின் ஓரம் ஈரத்தில் எழும்பி, கலைக்கும்போது பக்கத்துச் சீட்டைக் கவ்வும். மைதாவில் பூஞ்சணம் பூக்கும், பூச்சியும் வரும். ஜிகினாத் துகள் மற்ற 77 சீட்டையும் கீறும்.

தங்கம் ஒட்ட ஆசைப்படுபவர்கள் உடனே காட்டுவது விஸ்கோன்டி ஸ்ஃபோர்சா சீட்டுகளை. உண்மைதான், 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டிய அவற்றின் பின்னணி தங்க ரேக்குதான். அதில் ஊசியால் குத்திய கோலமும் உண்டு. இன்றைக்கு அவற்றில் ஒரு பகுதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. நம் நாட்டில் கையால் தீட்டி விளையாடும் கஞ்சிஃபா சீட்டுகள்தான் நமக்குச் சரியான பாடம். மகாராஷ்டிரத்து சாவந்த்வாடியிலும் ஒடிசாவிலும் வட்டச் சீட்டில் படம் தீட்டி அரக்குப் பூசுவார்கள். ஒடிசாவில் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் விறைப்பாக்கித்தான் சீட்டே செய்வது. விளையாடுவதற்கென்றே செய்ததால் படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் முதுகு ஒரே நிறம், கட்டு முழுக்க ஒரே பூச்சு.

தஞ்சாவூர் ஓவிய பாணியில் சுண்ணப்பொடி, கோந்து வைத்து மேடு எழுப்பித் தங்கத்தாள் ஒட்டுவது சீட்டுக்கு ஆகாது. மேடு முதல் கலைப்பிலேயே விரிசல் விடும். தங்கம் வேண்டுமென்றால் ஓரத்துக்கு வையுங்கள். முன்னே சொன்னபடி கட்டை இறுக்கி, ஓரத்தை 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, கில்டிங் வேக்ஸ் எனும் தங்க நிற மெழுகை விரலால் தடவி மெருகேற்றுங்கள். போலித் தங்க ரேக்கு என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். விரல் வேர்வையிலும் சாரலிலும் கறுக்கும், பச்சை பிடிக்கும். மேலே பூச்சு இல்லாமல் விடக் கூடாது.

உண்மையில் விருப்பப்படி விளையாட வேண்டுமென்றால் சொந்தமாக அச்சடிப்பதே மேல். சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது என்ன கவலை? பமீலா 1951-ல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஓவியருக்குப் பிறகு 60 ஆண்டுதான் உரிமை. ஆகவே 1909 படங்கள் இங்கே 2012 முதல் பொதுச்சொத்து. பிற்காலத்தில் ஒரு பதிப்பகம் புதிதாக நிறம் தீட்டிய பதிப்பை ஸ்கேன் செய்வது வேறு விஷயம். இன்றைய ஓவியர்களின் கட்டை நகலெடுத்து விற்பது திருட்டு, அதில் பேச்சே இல்லை.

13-க்கு 19 இன்ச் தாளில் சீட்டைச் சுற்றி 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டி எறியும் ஓரம், விட்டு 12 சீட்டு அடங்கும். 7 தாளில் 84 வரும், 78 போக 6 சீட்டு சோதனைக்கு மிச்சம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு போதும். முன்னும் பின்னும் அச்சு ஒரு மி.மீ. வரை விலகும் என்பதால் பின்பக்கத்தில் பார்டர் போடாமல் ஓரம்வரை ஓடும் டிசைன் வையுங்கள். மேட் லேமினேஷனை வெட்டுவதற்கு முன்பே, இரண்டு பக்கமும் போடச் சொல்லுங்கள். காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் போட்டால் சீட்டெல்லாம் ஓலைச்சுருளாக வரும்.

கல், சமிக்கி, ஜரிகை, லேஸ் எல்லாம் வாங்கிவிட்டீர்களா? பெட்டிக்கு ஒட்டுங்கள், விரிப்புத் துணிக்குத் தையுங்கள். அங்கே எவ்வளவு கனமானாலும் ஒருவருக்கும் நஷ்டமில்லை. துணிப்பையில் மட்டும் மழைக்காலத்தில் கட்டை வைக்காதீர்கள், துணி ஈரத்தை இழுத்துச் சீட்டுக்குக் கொடுக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஆரஞ்சு மணி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஈரம் குடித்ததும் நிறம் மாறிக் காட்டும். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகிவிடும். நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.