எதிர்த்துக் கதைக்கும் பிள்ளைகள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் என்ற மரியாதையே இல்லை" என்ற புலம்பல் மட்டக்களப்பில் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் ஓயாமல் கேட்கிறது. தாய்வழிக் குடிமுறை ஊன்றி நின்ற நம் ஊர்களில், வீட்டில் தாய்மாமனான அம்மானும் கோயிலில் நிருவாகப் பொறுப்பாளரான வண்ணக்கரும் சொன்னதே முடிவாக இருந்தது. அவர்கள் முன்னிலையில் பதினாறு வயதுப் பிள்ளை வாய்திறக்க முடியாது. தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தாங்கி ஆளாக்கியவரும் அதே அம்மான்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அடக்கத்தைப் பெருமையாகச் சொல்பவர்கள் எண்பதுகளை மறந்துவிடுகிறார்கள். 1983க்குப் பிறகு தாமாகவே ஆயுத இயக்கங்களுக்குப் போன பிள்ளைகளில் எத்தனையோ பேர், முதல்நாள் இரவு வரை பெற்றோர் சொல்லைத் தட்டாதவர்கள். போருக்கான காரணங்கள் வேறு, மிகப் பெரியவை. எனினும் மனத்தில் இருப்பதை வீட்டில் சொல்ல வழியில்லாத பிள்ளை சொல்லாமலே போய்விடும் என்பதை நம் தாய்மாரைவிட நன்கு அறிந்தவர் யார்? எதிர்த்துக் கதைக்கும் பிள்ளை இன்னும் நம்மோடு கதைத்துக்கொண்டிருக்கிறது.

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் மாணவனை அறைந்தது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இருந்தும் "கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் சேர்" என்று சொல்லிவிட்டு வரும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் கூட்டத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற பொடியன் ஒருவன் எழுந்து, கைகட்டி நின்றபடியே, "சடங்குக்குச் சேர்த்த நெல்லை வித்த கணக்கு இன்னும் வாசிக்கல்லையே ஐயா" என்றான். பதிலுக்கு வந்தது "நீ ஆர்ர மகன்?" என்ற அதட்டல் மட்டுமே. தகப்பன் அவன் பிடரியைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். கணக்குக் கொப்பி மேசையில் மூடியபடியே கிடந்தது.

தாயைத் தூசணத்தால் ஏசும் பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. குரலை உயர்த்தாமல், முறை தவறாமல் கணக்குக் கேட்டவனையும் அதே கூட்டத்தில் சேர்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கோயில் நிருவாகத்தினர் இதை வாசித்தால் அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வைகாசிச் சடங்குக்காக அம்மனுக்குக் கதவு திறக்கும் முன் அந்தக் கொப்பியைத் திறந்து ஊர் முன்னால் வாசியுங்கள்; வாசிக்கும்போது அவனையும் அழைத்து இருத்துங்கள்.