சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ

சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கொரு செல்போன், யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஊர் பாம்பன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் நான் வீட்டில் இருக்கும் நாட்கள் அவைதான். போன வருடம் அம்மா நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். மண்சட்டியில் வைத்து, மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு ஊற்றினால் அதன் ருசியே வேறு. பிள்ளைகள் தட்டைப் பார்க்காமலே தின்று எழுந்துவிட்டார்கள். அம்மா முகம் வாடிப்போனது. எனக்கு மனசு ஆறவில்லை.

செல்போனிலும் நிம்மதி இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனாலே இலங்கை டவரைப் பிடித்து ரோமிங் மெசேஜ் வரும். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தானே. நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் நம் கம்பெனியை நாமே தேர்ந்தெடுத்து வைத்தால் தொல்லை குறையும். இங்கு வருகிறவர்கள் இதைச் செய்துகொள்ளுங்கள்.

உப்புக்காற்றில் டிவியும் போனது. ரிப்பேர் ஆகி வரும்வரை அப்பாவின் பழைய ரேடியோவை எடுத்து வைத்தோம். இலங்கைத் தமிழ் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்டது. பாட்டு ஓடும்போது அம்மா அந்தக் காலத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். டிவி வந்த பிறகும் இரவுச் சாப்பாட்டுக்கு ரேடியோதான் வைக்கிறோம்.