பாடம் நடத்தாத புத்தகம்

பிள்ளைகளுக்குப் பல இனக் குழந்தைகள் வரும் புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான். ஆனால் ‘எல்லோரும் சமம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் பாடம் நடத்தினால் என் ஐந்து வயது மகள் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுகிறாள். அவள் திரும்பத் திரும்பக் கேட்பது எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ என்ற படப் புத்தகம். 1962-இல் அமெரிக்காவில் வந்தது, அடுத்த ஆண்டு, குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்கு அங்கே தரும் கால்டெகாட் பதக்கம் வாங்கியது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடையில் பனியில் விளையாடுகிறான், ஒரு பனி உருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது உருகிவிடுகிறது. நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. பனியையே பார்க்காத இவள், ‘ஃப்ரிட்ஜில வச்சிருக்கலாமே’ என்று அவனுக்காக வருத்தப்பட்டாள்.

கடையில் நான் முதலில் பார்ப்பது, படத்தில் கருப்பாக இருப்பது யார் என்பதைத்தான். திருடனும் வேலைக்காரியும் மட்டும் என்றால் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும். தமிழ்ப் புத்தகமானாலும் அதே கதிதான்.

அப்புறம் க்ரேயான். க்ரேயான் செய்யும் க்ரேயோலா நிறுவனம் ஒரு வெளிர் குச்சிக்கு வைத்திருந்த ‘ஃபிளெஷ்’ (தோல் நிறம்) என்ற பெயரை ‘பீச்’ என்று மாற்றியதும் அதே 1962-இல்தான். நம் வீடுகளில் அந்த வெளிர் குச்சிக்கு இன்னும் ‘ஸ்கின் கலர்’ என்றுதான் பெயர். போன வாரம் ஆச்சியை வரைய இவள் அதைத்தான் தேடினாள். ஆச்சியோ நல்ல கருப்பு (என் நிறமும் அங்கிருந்து வந்ததுதான்). பழுப்புக் குச்சியை நீட்டினேன். ‘அது மரத்துக்கும்மா’ என்றாள்.