ராஜினாமாவுக்கு முன்னாடி இன்சூரன்ஸைப் பாருங்க

புற்றுநோயிலிருந்து மீண்டவர் வங்கி வேலையை விட்டுட்டு இயற்கை விவசாயத்துக்குப் போனதை உங்க கட்டுரையில படிச்சேன், சந்தோஷம். ஆனா வேலையோட, ஊழியர்களுக்குக் கம்பெனி மொத்தமா எடுத்துத் தர்ற குரூப் மருத்துவ இன்சூரன்ஸும் போயிடுமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! கீமோ முடிஞ்சு ஐடி வேலையை விட்டுத் தையல் கடை வச்சவ நான். ராஜினாமா கொடுக்கும் முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிநபர் பாலிசிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். குரூப்பில் இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் காலத்துல (ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் தராத ஆரம்ப காலம்) கழிச்சுக்குவாங்க. புதுசா எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கணும் (2024 ஏப்ரலுக்கு முன்னாடி 48). கேன்சர்னு சொன்னதும் பாலிசியே கிடையாதுன்னு சில கம்பெனிகள்ல கைவிரிக்கவும் செய்யலாம். பிரீமியம் கசக்கத்தான் செய்யுது. ராத்திரி 11 மணி மீட்டிங் இல்லாததுக்கு அதைக் கட்டலாம். அந்த விவசாயி இதுக்கு என்ன செஞ்சார்னு கேட்டுப் போடுங்களேன்.