எவ்வளவுக்கு வாங்கினீங்க?

ஊர்வன வளர்க்கிற இரண்டு பேர் நம் பக்கத்தில் முதல்முறை சந்தித்துக்கொண்டால் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அடுத்தது, "என்ன மார்ஃப்?" நிறமும் கோலமும் எந்த ரகம் என்று அர்த்தம். அப்புறம் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துப் படம் காட்டிக்கொள்வார்கள். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பெண் பார்க்கப் போனவர்கள் நகையை மட்டும் எடை போட்டுவிட்டுக் கிளம்பி வந்ததைப் போல இருக்கும் எனக்கு.

என் கருத்து இது. புதிதாக ஒருவர் நம்மோடு பழக வந்தால் அவர் பிராணியை விசாரிக்கும் முன் அவர் வீட்டை விசாரிக்க வேண்டும். வீட்டில் யார் யார், அம்மா என்ன சொல்கிறார், சொந்த வீடா வாடகையா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது. இதையெல்லாம் கேட்டால் "ஊர்க்கதை பேசுறீங்க, ரெப்டைல் பத்திப் பேசுங்க" என்று சில தம்பிகள் சலித்துக்கொள்கிறார்கள். ஊர்க்கதைக்குள்தான் ரெப்டைல் கதையே இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

நான் வலங்கைமான் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். வீட்டில் இலை தழை தின்கிற பெரிய பல்லியான இகுவானா ஒன்றும், புள்ளி போட்ட சின்னப் பல்லியான லெப்பர்ட் கெக்கோ இரண்டும் இருக்கின்றன. எலி மருந்து விற்கிறவன் பாம்புக்கும் பல்லிக்கும் பரிந்து பேசுகிறானே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வயலில் சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், அது தின்கிற எலிக்குக் கணக்கில்லை என்று மருந்து வாங்க வருகிறவரிடமே சொல்வேன். "அப்ப கடையைச் சாத்திட்டுப் பாம்பு வித்துடலாமே" என்பார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சிதறிக் கிடக்கிற நாங்கள் சிலர் அவ்வப்போது கும்பகோணத்தில் ஒரு காபிக் கடையில் கூடுவோம். மன்னார்குடித் தம்பி ஒருவர் முதல்முறை வந்தபோது தன் இகுவானாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல தீனி, நல்ல கூண்டு, ஜன்னலோரமாக வைத்திருப்பதால் காலையில் மூன்று மணி நேரம் சுள்ளென்று வெயில். எல்லாரும் தலையாட்டினோம். பேச்சு எங்கெங்கோ போய், புது வீடு கட்டிய செலவுக்கு வந்தது. மாடி அறைக்கு ஏசி போட்டோம், அதனால் ஜன்னல் முழுக்கக் கண்ணாடி என்றார். அங்கேதான் பிடித்தோம். "தம்பி, அந்த வெயில் கண்ணாடி வழியாவா வருது?" "ஆமாண்ணே, தூசி வராதுல்ல."

வெளிச்சமும் சூடும் கண்ணாடியைத் தாண்டி வரும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வராது. அது தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும். டி3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் உடம்பில் ஒட்டாது. எலும்பு இளகித் தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும், கால் நடுங்கும், கடைசியில் நடக்கவே முடியாது. கூண்டையும் தீனியையும் பற்றி மட்டும் பேசியிருந்தால் அந்தக் கண்ணாடி வெளியே வந்திருக்காது. அந்தத் தம்பி இப்போது காலையில் கூண்டைத் தூக்கி மொட்டை மாடியில் பாதி நிழலில் வைக்கிறார். பல்பு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யுவிபி பல்பு எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம், ஒரு வருடத்தில் வெளிச்சம் இருக்கும், கதிர் குறைந்துவிடும்.

தீனிக்குக் காவிரிக் கரையில் கவலையே இல்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறது, வாசலில் செம்பருத்தி பூக்கிறது. என் இகுவானா செம்பருத்திப் பூவைக் கண்டால் மற்றதைத் திரும்பிப் பார்க்காது. பாலக் கீரையை மட்டும் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பச்சையாக இருக்கிறதே என்று பலர் அதைத்தான் கட்டுக் கட்டாக வாங்குகிறார்கள்.

நம்மில் பெரும்பாலோர் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறோம். அவை குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. ஹீட் மேட் வாங்கு, ஹீட் பல்பு வாங்கு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. லெப்பர்ட் கெக்கோவுக்குத் தொட்டியின் சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். சித்திரை, வைகாசியில் நம் ஓட்டு வீட்டு நடையே அதைத் தாண்டிவிடும், மாடி அறையைச் சொல்லவே வேண்டாம். இங்கே நம் வேலை சூட்டைக் கூட்டுவதல்ல, குறைப்பது. இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மயிலாடுதுறை அக்கா ஒருவர் சொன்னார். சின்ன மண்சட்டி ஒன்றின் விளிம்பில் கெக்கோ நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் உடைத்துக்கொள்வாராம். காலையில் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, வடித்து, தொட்டியின் குளிர்ந்த மூலையில் கவிழ்த்துவிடுவாராம். "குடிக்கிற தண்ணி பானையில குளுகுளுன்னு இருக்குல்ல தம்பி, அதேதான்." நானும் செய்து பார்த்தேன். நடு மத்தியானம் சட்டியைத் தூக்கிப் பார்த்தால் இரண்டும் வயிற்றை ஈரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, ஒன்றின் வால் மற்றதன் முதுகில். இன்னொரு லாபமும் உண்டு. ஈரம் இருப்பதால் சட்டை சுத்தமாக உரிகிறது. விரல் நுனியில் பழைய தோல் தங்கினால் கயிறு கட்டியதுபோல் இறுக்கி, நாளடைவில் விரலே போய்விடும்.

பட்டுக்கோட்டைக்காரர் கதை வேறு ரகம். அவரிடம் இருப்பது பால் பைத்தான், பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதற்கு உறையவைத்த எலி வேண்டும். அது இருந்த இடம் வீட்டு ஃப்ரீசர். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஐஸ் கட்டி எடுக்கப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். அப்புறம் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லச் சொல்லக் காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். இப்போது பாம்புக்கென்று பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று தனியாக. அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்துக்குத் திருநாகேஸ்வரம் போய்ப் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு வருகிறவர். மகன் வீட்டில் பாம்பு வளர்க்கிறான், அம்மா பாம்பு தோஷத்துக்குப் பரிகாரம் செய்கிறார், இரண்டும் ஒரே கூரைக்கடியில் நடக்கிறது. "சாமி கணக்கு வேற, உன் கணக்கு வேறடா" என்கிறாராம். விவரமான அம்மா.

இந்தப் பேச்சினால் என்ன பயன் என்றால், பாம்பு வாங்க ஆசைப்பட்டு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் அதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல ஒரே ஃப்ரிட்ஜ்தான், அம்மா சைவம்" என்று தானாகவே எண்ணத்தை விட்டான். விலையைக் கேட்டிருந்தால் தவணையில் வாங்கியிருப்பான். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு, அப்போது பயந்து வாயைத் திறந்து திணிக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் அவன் கேட்டான்.

கஜா புயலைப் பட்டுக்கோட்டைக்காரரைப் போன்றவர்கள் வாயால் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்து, கம்பம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மழைக்குளிர், வெயிலும் இல்லை. ஊர்வனவுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். சூடு இல்லாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாவம் பசிக்குமே என்று ஊட்டுகிற அன்புதான் அந்த நேரத்தில் கொல்லும். தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் பட்டினி போடுவதே சரி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் யார் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, யார் வீடு மேடு என்று எங்களுக்குள் தெரிந்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம்மில் பலர் இன்னும் ஒளித்து வளர்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பயம், வனத்துறை பயம். முறையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 2020இல் மத்திய அரசு வெளிநாட்டுப் பிராணிகளைத் தாமாக முன்வந்து பதிவு செய்ய ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. சைட்டிஸ் என்கிற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பால் பைத்தான், இகுவானா போன்றவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கைமாறினாலும் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நாம் அலைகிற அலைச்சலில் இது பாதிகூட இல்லை.

நம் மண்ணின் ஊர்வன கதை வேறு. நட்சத்திர ஆமை, குளத்துப் பால் ஆமை, காராமை, உடும்பு, எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. வயலில் கிடைத்தது, பாவம் என்று எடுத்து வந்தேன் என்பதெல்லாம் எடுபடாது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொல்கிற அதே ஊரில், நட்சத்திர ஆமை வைத்தால் பணம் கொட்டும் என்று ரகசியமாகத் தொட்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கோடியக்கரைக் காட்டில் அது பாட்டுக்கு மேய்கிற பிராணி. 2019இல் உலக அளவில் அதன் வணிகத்தையே தடைசெய்யும் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள், அவ்வளவு கடத்தல். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதன் படத்தைக் காட்டியபோது காபியோடு பேச்சை நிறுத்திக்கொண்டோம். கறாராக இருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

விலைப் பேச்சின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளையும் இரண்டு பல்லிகளையும் பிடித்தார்கள். சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியைக் கட்டியவருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? "என்ன மார்ஃப், எவ்வளவு, எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்கிற நம் வாயிலிருந்துதான்.

இதற்கு இன்னொரு முனை இருக்கிறது, அது குளக்கரையில். ரெட் இயர் ஸ்லைடர் என்கிற வெளிநாட்டு ஆமையை நாணயம் அளவில் வாங்குகிறார்கள். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும். நம் டெல்டாவில் இருபத்திரண்டு வயசுப் பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "விசா வந்தா ஆமையை என்ன செய்வ?" சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிற அவசரத்தில் அதைக் கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று கும்பிட்டுப் போகிறார்கள். உலகில் மிக மோசமாக ஊடுருவிப் பரவும் 100 உயிரினங்கள் பட்டியலில் இருக்கிற ஆமை அது. நம் காராமையும் பால் ஆமையும் இருக்கிற தண்ணீரில் போய்ச் சேர்கிறது.

இப்படி விட்டதன் விளைவை அமெரிக்காவில் பார்க்கலாம். ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகியதற்கு, வளர்த்தவர்கள் விட்டதும் தப்பவிட்டதும்தான் காரணம். பிடிக்க முடியாமல் திணறியபோது 2017இல் அங்கே போய்ப் பிடித்துக் காட்டியவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஊர்வனவே யாரும் வளர்க்கக் கூடாது என்கிற நண்பர்களும் இதைப் படிப்பார்கள். காட்டில் பிடித்தது கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நானும். ஏற்கெனவே வீடுகளுக்குள் வந்துவிட்டவற்றை என்ன செய்வது என்பதற்கு மட்டும் உங்களிடம் பதிலைக் காணோம். எங்களிடம் மண்சட்டியாவது இருக்கிறது.

தை பிறந்து அறுப்பு வேலை ஓய்ந்ததும் மறுபடி கும்பகோணத்தில் கூடலாம் என்றிருக்கிறோம். புதியவர்கள் தாராளமாக வரலாம், ஒன்றும் வளர்க்காதவர்களும் வரலாம். பிராணியைக் கொண்டுவர வேண்டாம், பேருந்துக் குலுக்கல் அதற்கு ஆகாது. படம் காட்ட ஆசையாக இருந்தால் கூண்டு இருக்கிற அறையைப் படம் எடுத்து வாருங்கள், ஜன்னல் தெரிகிற மாதிரி.